பாத்திரக் கடைக் கவுன்சிலர்

– அந்த குக்கரை எறக்கச் சொல்றீங்க, மூடியைத் தெறந்து பாக்குறீங்க, திரும்ப வைக்கச் சொல்றீங்க. வாங்கப் போறீங்களாண்ணே, இல்ல சொல்ல வந்ததைச் சொல்லிடுறீங்களா?

– ரெண்டும்தான் தாமரை. ஒங்க அண்ணி குக்கர் கேட்டது நெசம். கேட்டுப் பாரேன் வேணும்னா.

– கட்சிக்கு நகரச் செயலாளர் நீங்க. நீலகண்டன் அண்ணன் குக்கர் வாங்க மத்தியான வெயில்ல நேர்ல வருவாருன்னு நான் நம்பணும்.

– நான் என்ன சொல்றேன்னா, கொஞ்சம் பொறுமையா கேளு. உள்ளாட்சித் தேர்தல் வருதுன்னு மறுபடி பேச்சு கெளம்பியிருக்கு. இந்தத் தடவை நெசமாவே வரும்போல இருக்கு. நம்ம வார்டு பொம்பளைங்களுக்குத்தான்னு ஒரு தகவல். தாமரைச்செல்விங்கிற பேரைச் சொன்னா எதிர்ல நிக்கிறவங்களுக்குப் பாதி தெம்பு போயிடும்.

– குரலைக் கொறைங்கண்ணே. ஒங்க தலைக்கு மேல கேமரா இருக்கு. மொதலாளி தமீம் அன்சாரி பாய் வீட்டுக்குச் சாப்பிடப் போனாக்கூட போன்ல கடையைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடுவாரு.

– பாக்கட்டுமே. நான் வாடிக்கைக்காரன்தானே?

– ஆமா. அதனாலதான் குக்கரைக் கையில புடிச்சுக்கிட்டே பேசுங்கன்னு சொல்றேன்.

– என்னம்மா இது. முனிசிபாலிட்டி மேடையில மைக்கைப் புடிச்சுப் பேசுனவ. இப்ப கேமராவுக்குப் பயந்து பேசுற.

– போன வாரம் ஒருத்தர் முதியோர் பென்ஷன் விஷயமா வந்தாரு. கல்லாவுல நின்னுதான் விவரம் சொன்னேன். அன்னைக்குப் பட்டினச்சேரியிலேர்ந்து கல்யாணச் சீர் எடுக்க ஒரு குடும்பமே வந்து காத்துக் கெடந்துச்சு. நான் பென்ஷன் கதைய முடிக்கிறதுக்குள்ள அவங்க எந்திரிச்சு எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. குத்துவெளக்குலேர்ந்து அண்டா வரைக்கும் அங்கயே எடுத்துட்டாங்க. பாய் கடை அடைக்கிற வரைக்கும் பொறுத்தாரு. அப்புறமா சொன்னாரு. இனிமே வார்டு விஷயமா ஒரு ஆளு கடைப்படி ஏறுனா நீங்க வேலைய விட்டு எறங்கிடுங்கம்மான்னு.

– அப்படியா சொன்னாரு? நான் பேசுறேன் அவருகிட்ட.

– வேணாம். நல்ல மனுஷன்தான். அவருக்குக் கோவம் வரவே இத்தனை வருஷம் ஆயிருக்கு.

– அப்ப விட்டுட்டு வந்துடு. இந்தத் தட்டையும் டம்ளரையும் தொடைச்சு அடுக்கவா நீ பொறந்த?

– வந்து?

– வந்து என்ன? மக்கள் சேவைதான்.

– சாப்பாட்டுக்கு?

– எல்லாரும் இதைக் கேட்டா பொதுவாழ்க்கைக்கு யாரு வர்றது தாமரை?

– நான் எல்லாரையும் கேக்கல. எனக்கு மட்டும் கேக்குறேன். கவுன்சிலருக்கு முழுநேரச் சம்பளம்னு ஒண்ணு போடச் சொல்லுங்க, வர்றேன். இந்தக் கடையில என்ன குடுக்குறாங்களோ அது போதும். மேல வேணாம்.

– நான் என்ன சொல்றேன்னா, சம்பளம்னு குடுத்துட்டா அது வேலை ஆயிடும். வேலைன்னா அஞ்சு மணிக்குப் பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான். சேவைக்கு மணிக்கணக்கு உண்டா? எங்க அப்பா கொம்யூன் பஞ்சாயத்துல மெம்பரா இருந்தாரு. ஒரு பைசா வாங்கல. வீட்டுலேர்ந்து மோர் கொண்டுபோய் மீட்டிங்ல எல்லாருக்கும் குடுப்பாரு.

– குடுப்பாரு. குரும்பகரத்துல ஒங்களுக்கு நெலம் இருந்துச்சு, மாடு இருந்துச்சு, மோர் இருந்துச்சு.

– குத்திக் காட்டுற.

– இல்லண்ணே. இருந்ததைச் சொன்னேன்.

– சரி, நெலம் இல்லாதவன் வர்றான்னே வச்சுக்குவோம். சம்பளம் இருக்குன்னு தெரிஞ்சா அதுக்காகவே வருவான். அப்புறம் ஜனங்க என்ன கேக்கும்? ரோடு போடக் காசு இல்ல, கவுன்சிலருக்கு மாசச் சம்பளமான்னு கேக்காதா?

– கேக்கும். கேட்டா அதுவும் நியாயந்தான்.

– பாத்தியா, நீயே ஒத்துக்குற.

– ஒத்துக்குறேன். நான் கவுன்சிலரா இருந்தப்ப மீட்டிங்குக்குப் போவேன் பாருங்க, ஆபீசருக்குச் சம்பளம், ஃபைல் எடுத்துக் குடுக்குறவருக்குச் சம்பளம், டீ கொண்டாந்து வைக்கிறவருக்குச் சம்பளம். அந்த டீயைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கிற நாங்க மட்டும்தான் சேவை. மதிப்பூதியம்னு ஒண்ணு குடுத்தாங்க. வண்டிக்குப் பெட்ரோல் போட்டா தீந்துச்சு. சுத்திப் பாத்தா ஒருத்தருக்குக் கல்யாண மண்டபம், ஒருத்தருக்கு நகைக்கடை, இன்னொருத்தருக்கு மூணு பஸ் ஓடுது. மாசச் சம்பளத்தை விட்டுட்டு வந்தது நான் ஒருத்திதான்.

– நீ டீச்சர் வேலைய விட்டது எனக்கும் வருத்தம்தான்.

– மீட்டிங்கைக் காலையில பதினோரு மணிக்கு வச்சாங்க. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களை யாரு பாக்குறது? ஸ்கூல்ல ஒரு வருஷம் பொறுத்தாங்க. அப்புறம் கூப்பிட்டு, ரெண்டுல ஒண்ணைப் பாத்துக்கம்மான்னாங்க. நான் ஒங்க வீட்டுக்குத்தான் வந்தேன். அஞ்சு வருஷம்தானேன்னு சொன்னீங்க.

– சொன்னேன். நம்ம பாண்டிச்சேரி ஸ்டேட்ல முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் வந்த உள்ளாட்சித் தேர்தல் அது. ஊரே திருவிழா மாதிரி இருந்துச்சு. முடிஞ்சதும் அடுத்தது வரும்னுதான் நெனச்சேன். அதோட நின்னு போயி, இத்தனை வருஷமா இன்னொரு தேர்தலே வராதுன்னு கண்டேனா?

– நான் ஒங்களைக் குத்தம் சொல்லல.

– கோவமாவது படேன் தாமரை. நீ இப்படிப் பேசுனா எனக்கு என்னமோ பண்ணுது.

– கோவம் வரலண்ணே. வந்தா படமாட்டேனா? அந்தத் தராசுல கைய வைக்காதீங்க, எடை காட்டுது.

– இதைக் கேளு. நம்ம ரோழே அய்யா மவன் மத்தியூ பிரான்சுல ஒரு ஊர்ல கவுன்சிலரா இருக்கானாம். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கப் போறப்ப அய்யா பெருமையா சொல்லிக்கிட்டிருந்தாரு.

– தெரியும். போன மாசம் அய்யா தோசைக்கல் வாங்க வந்தப்ப எங்கிட்டயும் சொன்னாரு. மீட்டிங் இருந்தா வேலை செய்யிற எடத்துல நேரம் விட்டே ஆவணும்னு அங்க சட்டம் இருக்காம். மாசாமாசம் ஒரு தொகையும் உண்டாம். முழுச் சம்பளம் இல்ல, ஆனா உண்டாம்.

– அது பிரான்சு.

– ஆமா. அவரு தோசைக்கல்லை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

– ஒன் வீட்டுக்காரரு செந்தில்குமார் இருந்திருந்தா ஒன்னை நிக்கச் சொல்லியிருப்பாப்புல.

– சொல்லியிருக்க மாட்டாரு. வேணாம்னும் சொல்லியிருக்க மாட்டாரு. மீட்டிங் இருக்கிற அன்னைக்கு நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே என் சேலைக்கு இஸ்திரி போட்டு நாற்காலி மேல வச்சிருப்பாரு. அந்த அஞ்சு வருஷமும் அவரு சைக்கிள் கடைதான் வீட்டை ஓட்டுச்சு. அதுக்கப்புறம் யாரு சைக்கிள் ஓட்டுனா? கடையும் போச்சு.

– நல்ல மனுஷன். சித்திரையிலதானே?

– சித்திரை கடைசி.

– சாவுக்கு வந்தேன். ஒன்னைப் பாத்தேன். நீ அழவே இல்ல.

– அடுத்த நாள் காலையில ஆம்பளைங்க எல்லாம் பால் தெளிக்கப் போயிருந்தாங்க. நான் கூடத்துல உக்காந்திருந்தேன். வாசல்ல ஒருத்தர் வந்து நின்னாரு. துக்கம் விசாரிக்க வந்திருக்காருன்னு நெனச்சேன். தெருவுல ரெண்டு நாளா வெளக்கு எரியலம்மான்னாரு.

– அடப்பாவி. சாவு வீட்டுலயா? நீ என்ன சொன்ன?

– கம்பத்து நம்பர் என்னன்னு கேட்டேன்.

– தாமரை.

– கேட்டுட்டு, ஈ.பி.க்குப் போன் போட்டுச் சொன்னேன். சாயங்காலம் எரிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடியும் அப்படித்தான், அதுக்கு அப்புறமும் அப்படித்தான். நடுவுல அவரு செத்தது எங்க வந்துச்சுன்னு எனக்கே சில நேரம் வெளங்கல. அழுவணும்னு உக்காருவேன். யாராவது கூப்பிடுவாங்க.

– அக்கா. கவுன்சிலரக்கா.

– நபீசா, உள்ள வராத. அங்கயே நில்லு. இல்ல, வந்துட்ட, சரி. அந்தத் தூக்குவாளியைக் கையில எடுத்துக்க.

– எனக்கு எதுக்குக்கா தூக்குவாளி? ஊட்டுல இருக்குற வாளி அம்புட்டும் சாக்கடைத் தண்ணி எறைக்கத்தான் கெடக்கு. காலையிலேர்ந்து எறைக்கிறேன். அல்லா மேல ஆணையா சொல்றேன், மாமி படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில தண்ணி நிக்குது. அவங்களால எந்திரிக்கவும் முடியாது. இந்தக் காலை ஊனுனா தண்ணி, அந்தக் காலை ஊனுனா தண்ணி. வெளிநாட்டுலேர்ந்து மச்சான் போன் பண்ணி நீ என்னதான் பண்றன்னு என்னைத் திட்டுறாரு. நான் என்னக்கா பண்ண?

– தூக்குவாளியை எடுத்துப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே பேசு. தண்ணி எங்கேர்ந்து ஏறுது?

– மூலை வீட்டுல மாடி கட்டுறாங்கல்ல, ஒடைச்ச செங்கல்லு, சிமெண்டு எல்லாத்தையும் சாக்கடைக்குள்ள தள்ளிட்டாங்க. போற வழி இல்லாம எல்லாம் எங்க ஊட்டுப் பக்கம் திரும்புது.

– அவங்ககிட்ட சொன்னியா?

– கொத்தனார்தான் இருக்காரு. ஓனர் பாண்டிச்சேரியில இருக்காருங்குறாரு.

– இரு. அண்ணே, செத்த நேரம் வாசப் பக்கமா நில்லுங்க, யாராவது வாங்க வந்தா சொல்லுங்க. ஹலோ. ஓவர்சியர் சாருங்களா? வணக்கம் சார், தாமரைச்செல்வி பேசுறேன். தாமரைச்செல்வி. முன்னாள் கவுன்சிலர் சார். இல்ல சார், இப்ப இல்ல, முன்னாடி. ஆமா, ரொம்ப முன்னாடிதான். நீங்க புதுசா வந்திருக்கீங்களா? சரிங்க. சரிங்க சார். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். இல்ல, எனக்கு எந்தப் பொறுப்பும் இல்ல சார். சும்மாதான் கூப்பிட்டேன். நன்றிங்க.

– என்னக்கா சொல்றாரு?

– அந்த நம்பருக்கு போட்டோ அனுப்பச் சொல்றாரு. நீ அனுப்பு. அது ஒரு பக்கம் கெடக்கட்டும். இரு, சாக்கடை வண்டி ஓட்டுற தங்கையன் அண்ணனைக் கூப்பிடுறேன். ஹலோ, தங்கையன் அண்ணே, வண்டி எங்க நிக்குது? நெரவி ரோட்டுலயா? முடிச்சிட்டு வர்ற வழியில நம்ம நபீசா வீட்டுப் பக்கம் வாங்கண்ணே. உறிஞ்சுற குழாயோட வாங்க. கொத்தனார்கிட்ட சொல்லி, அடைச்சுக் கெடக்குற கல்லை அவங்க ஆளுங்களையே எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆமா, இன்னும் கடையிலதான். சாப்பிட்டேன்ண்ணே. நீங்க சாப்பிட்டீங்களா? சரிங்க.

– வர்றாராக்கா?

– ஒரு மணி நேரத்துல வருவாரு. மாமியைக் கட்டிலோட தூக்கி உள் ரூம்ல போடு. பக்கத்து வீட்டுல ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்க. தண்ணியில நின்ன காலை சோப்பு போட்டுக் கழுவு.

– ஒங்களை அல்லா நல்லா வச்சிருப்பான்க்கா.

– நபீசா, கொஞ்சம் நில்லும்மா. நான் நீலகண்டன். கட்சி ஆபீஸ்ல பாத்திருப்ப.

– தெரியுமே. நோம்புக் கஞ்சிக்கு வருவீங்கல்ல.

– அதேதான். நான் என்ன கேக்குறேன்னா, தேர்தல் வருது. ஒங்க அக்கா மறுபடி நின்னா ஒன் ஓட்டு யாருக்கு?

– அண்ணே, அதெல்லாம் அதுகிட்ட எதுக்கு? தண்ணி எறைக்கப் போவுது, விடுங்க.

– சொல்லட்டும் தாமரை. ஜனங்க வாயால நீயே கேட்டுக்க. சொல்லும்மா.

– அக்கா மேல உசுருங்க எனக்கு. மாமிக்கு பென்ஷன் வாங்கிக் குடுத்தது அக்காதான். எம் மவளுக்கு ஆதார்ல பேரு தப்பா விழுந்துச்சு, அதை மாத்திக் குடுத்ததும் அக்காதான்.

– அதான் கேக்குறேன். ஓட்டு?

– ஓட்டு போடமாட்டேங்க.

– என்னம்மா சொல்ற?

– தப்பா நெனைக்காதீங்கக்கா.

– நெனைக்கல. சொல்லு.

– நீங்க பத்து மணிக்குள்ள கடைக்கு வந்துடுறீங்க. இருட்டுனதுக்கு அப்புறம்தான் வீடு. இங்க வந்து ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னா தூக்குவாளியைக் கையில புடிச்சுக்க வேண்டியிருக்கு. டைல்ஸ் கடைக்காரரு சம்சாரம் நிக்கப் போறாங்கன்னு சொல்றாங்க. அவங்களுக்கு வேலைக்குப் போவணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. எப்பப் போனாலும் ஊட்டுல இருப்பாங்க. கார் இருக்கு, ஏறி வந்து பாப்பாங்க. நேரம் உள்ளவங்க வந்தாத்தானேக்கா எங்களுக்கு நல்லது? ஒங்களுக்குத்தான் நேரமே இல்லையே.

– சரிதான் நபீசா.

– அந்த டைல்ஸ் கடைக்காரம்மா இதுவரைக்கும் ஒங்க தெருவுக்கு ஒரு துரும்பையாவது கிள்ளிப் போட்டிருக்காங்களாம்மா?

– இல்லைங்க. நாங்க கேட்டதில்ல.

– ஏன் கேக்கல? காருதான் இருக்கே.

– அக்கா இருக்கப்ப அவங்ககிட்ட போய் ஏன் கேக்கணும்? அது அக்காவுக்கு மரியாதையா?

– நீ கெளம்பு நபீசா. தங்கையன் அண்ணன் வந்துடுவாரு, அவருக்கு டீ வாங்கிக் குடு.

– வர்றேன்க்கா. கோவம் இல்லையே?

– இல்ல. அந்தத் தூக்குவாளியை வச்சிட்டுப் போ.

– என்ன பொண்ணும்மா இது. உசுருங்குறா, ஓட்டு இல்லைங்குறா. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறா.

– நல்லாத்தானே சொன்னா. நீங்க சேவைக்கு மணிக்கணக்கு கெடையாதுன்னீங்க. அவ மணியைப் பாத்துச் சொல்றா.

– அவ ஒருத்திதானே. வார்டு பூரா அப்படியா சொல்லப் போவுது? நான் வீடு வீடா பேசுறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத.

– இருங்கண்ணே, போன் அடிக்குது. பாய்தான். சொல்லுங்க பாய். ஆமா. ஆமா பாய். வாங்க வந்த பொண்ணு இல்ல. பொய் சொல்லல, அது வார்டுப் பொண்ணுதான். தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு வந்துச்சு. இல்ல பாய், நீங்க முன்னாடியே சொன்னதுதான். எனக்குப் புரியுது. இந்த மாசம் முடியட்டும்ங்களா? சரிங்க. சாவியை எடுத்து வச்சிடுறேன். நீங்க சாப்பிடுங்க, பொறுமையா வாங்க.

– என்னவாம்?

– இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாரு.

– இரு, நான் பேசுறேன். எனக்குத் தெரியாதவரா அவரு? ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு.

– வேணாம்ண்ணே. அவரு குரல் ஒடைஞ்சு போயிடுச்சு. என்னை அனுப்புறது அவருக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. யாவாரத்தையும் அவரு பாக்கணுமே.

– நான்தான் இன்னைக்கு வந்து, அந்தப் பொண்ணை நிறுத்தி வச்சுப் பேசி, கேமராவுல காட்டிக் குடுத்துட்டேன்.

– நீங்க வராட்டாலும் அவ வந்திருப்பா. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வேற ஒருத்தர். குக்கர் என்ன பண்ணட்டும்? பில் போடவா?

– போடு. ரெண்டா போடு.

– ஒண்ணு போதும். அண்ணி ஒண்ணுதான் கேட்டிருப்பாங்க. ரப்பர் ஒண்ணு கூட வச்சிருக்கேன், சீக்கிரம் போயிடும் அது.

– தாமரை, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. இனிமே நிக்கச் சொல்லி ஒன்னைக் கேக்கமாட்டேன். ஒனக்கு ஒரு வேலைக்கு எங்கயாவது ஏற்பாடு பண்றேன். வார்டுக்கு வேற ஆளைப் பாத்துக்குறேன்.

– பாக்காதீங்கண்ணே. என் பேரைக் குடுத்துருங்க.

– என்ன?

– நிக்கிறேன். பேரைக் குடுத்துருங்க.

– இவ்வளவு நேரம் மாட்டேன்னு சொன்ன. வேலை போச்சுங்கிறதால சொல்றியா? அந்தக் கவுன்சிலர் வேலையில ஒண்ணும் வராதுன்னு நீதானே சொன்ன?

– வராதுதான்.

– அப்ப அந்தப் பொண்ணு சொன்னது உறுத்திடுச்சு. ஜெயிச்சுக் காட்டணும்னு ஒரு வைராக்கியம். அப்படித்தானே? சொல்லு, அது போதும் எனக்கு. அந்த வைராக்கியத்தை வச்சே தூக்கிடலாம்.

– போஸ்டர்ல போட்டோவைப் பெருசா போடுங்க. வீடு வீடா வர்றேன், மைக் புடிச்சுப் பேசுறேன், ஒரு தெரு விடாம நடக்குறேன். எல்லாருக்கும் நான் நிக்கிறது நல்லாத் தெரியணும்.

– இதைத்தான்ம்மா நான் எதிர்பாத்தேன். நீ மட்டும் இப்படி எறங்கி வேலை செஞ்சா டைல்ஸ் கடைக்காரம்மா என்ன, எவ வந்தாலும் நாமதான் ஜெயிக்கிறோம்.

– ஜெயிக்கிறதுக்கு இல்லண்ணே. அஞ்சு வருஷத்துக்குன்னு என்னை உக்கார வச்சாங்க, அதுக்கப்புறம் எந்திரின்னு சொல்ல ஒரு தேர்தல் வரவே இல்ல. ஒரு தடவை ஊரறியத் தோத்துட்டா அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடமாட்டாங்க, நான் வீட்டுக்குப் போய் அவருக்காக அழுவேன்.